முன்னோர் ஒளித்துவைத்த முரசு



ஹைத்தி என்று ஒரு நாடு. உலகப் படத்தில் வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே, கரிபியன் கடலில் கியூபாவுக்குக் கிழக்கே தேடினால் ஒரு பெரிய தீவு தென்படும். அந்தத் தீவின் மேற்குப் பகுதிதான் ஹைத்தி. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. என் வகுப்பு மாணவர்களை அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கொஞ்ச நேரம் விரலை எங்கெங்கோ ஓட்டிவிட்டுத்தான் அங்கே போய்ச் சேருவார்கள். அவ்வளவு சிறிய நாடு.

அதன் தலைநகரான போர்ட்டோ பிரின்சில், அதிபர் மாளிகை இருந்த இடத்துக்கு அருகே ஒரு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. அல்பேர் மாங்கொனேஸ் என்ற சிற்பி 1967ஆம் ஆண்டில் அதைச் செய்தார். அது மன்னர் சிலையோ தளபதி சிலையோ அன்று. எசமானனின் தோட்டத்தை விட்டு ஓடிய பெயர் தெரியாத ஓர் அடிமையின் சிலை. ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலைப் பின்னே நீட்டியிருக்கிறான். கணுக்காலில் அறுந்த சங்கிலி. வலக்கையில் நாம் பாராங் என்கிறோமே, அதுபோன்ற நீண்ட கத்தி. இடக்கையில் ஒரு சங்கு. தலையை அண்ணாந்து அதை ஊதுகிறான். மலைகளில் பதுங்கியிருந்தவர்களை அழைக்கும் சங்கு அது.

அந்தச் சங்கொலி ஹைத்தி மக்களின் கலையிலும் வழிபாட்டிலும் இன்றளவும் எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதே இன்றைய பேச்சு. போராட்டம் நடந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் அந்த மக்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சோர்ந்து விழும்போதெல்லாம் அந்தப் பழைய முன்னோர்களிடம் திரும்பிப் போய் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எதை எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், யார் அதைத் தடுத்தார்கள் என்று பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த நாட்டுக்கு சான் டொமாங் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களின் காலனி. உலகிலேயே அதிக இலாபம் தந்த காலனி அதுதான் என்பார்கள். ஐரோப்பா காப்பியில் போட்டுக் குடித்த சீனியில் பெரும் பங்கும், அந்தக் காப்பியில் பாதிக்கு மேலும் அங்கிருந்தே போயின. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள். 1789இல் அவர்கள் தொகை ஏறத்தாழ 5 இலட்சம். வெள்ளையர்களோ 40,000 பேருக்கும் குறைவு.

கரும்புத் தோட்டத்து வேலை எப்படிப்பட்டது என்று இதைக் கேட்கும் உங்களுக்கு விரிக்க வேண்டியதில்லை. விடியுமுன் மணி அடிக்கும். பெரட்டுக்கு ஓடிய நம் பாட்டன் பாட்டிமாருக்கு அந்த மணியோசை விளங்கும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தக் கூலி வேறு, அடிமைத்தனம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியன்று. சான் டொமாங்கில் மனிதனே சொத்து. அவன் பிள்ளையும் சொத்து. அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பைத் தள்ளுபவரின் கை உருளைகளுக்கு இடையில் சிக்கிக்கொண்டால் வெட்டிவிடுவதற்கென்றே பக்கத்தில் ஒரு கத்தி வைத்திருப்பார்கள். கப்பலில் வந்தவர்களில் பெரும்பகுதியினர் சில ஆண்டுகளில் மடிந்தார்கள். இறந்தவர்களின் இடத்தை நிரப்ப மேலும் கப்பல்கள் வந்தன. ஆகவே, புரட்சி வெடித்த காலத்தில் அங்கிருந்த அடிமைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். ஊரையும் தாயையும் நினைவில் வைத்திருந்தவர்கள்.

1685இல் பிரெஞ்சு மன்னர் ஒரு சட்டம் போட்டிருந்தார். கறுப்பர் சட்டம் என்பது அதன் பெயர். அடிமைகள் அனைவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக்க வேண்டும். வெவ்வேறு எசமானர்களின் அடிமைகள் பகலிலோ இரவிலோ ஒன்றுகூடக் கூடாது, கல்யாணம் என்ற பேரிலும் கூடக் கூடாது. ஓடினால் முதல் முறை காதை அறுத்துத் தோளில் சூடு, இரண்டாம் முறை பின்னங்கால் நரம்பு அறுப்பு, மூன்றாம் முறை மரணம். கூட்டம் கூடுவதைக் கண்டு அந்த மன்னர் ஏன் அவ்வளவு அஞ்சினார் என்பது பிறகுதான் எல்லாருக்கும் விளங்கிற்று.

கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள்? பாட்டைக் கொண்டுவந்தார்கள். தாளத்தைக் கொண்டுவந்தார்கள். தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள். டஹோமி நாட்டார், கொங்கோ நாட்டார், யொரூபா இனத்தார் என்று அவர்கள் பல இனத்தார். ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாது. வேலைக்காட்டில் ஒன்றாக நின்றதால், பிரெஞ்சுச் சொற்களை எடுத்துத் தங்கள் நாட்டு வாக்கில் வளைத்து ஒரு புது மொழியை உண்டாக்கினார்கள். அதுதான் க்ரெயோல். தெய்வங்களையும் அவ்வாறே ஒரே கூரையின்கீழ் கூட்டி வைத்தார்கள். அந்த வழிபாட்டுக்கு வோடூ என்று பெயர்.

வோடூ என்றதும் பொம்மையில் ஊசி குத்தும் சினிமாக் காட்சி சிலருக்கு நினைவு வரும். அதை மறந்துவிடுங்கள். அது வெளியார் கட்டிய கதை. வோடூவில் கடவுள் ஒருவர், அவர் மிகவும் தொலைவில் இருப்பவர். மனிதர்களோடு பேசிப் பழகுபவை லுவா எனப்படும் தெய்வங்கள். முச்சந்தியில் நின்று வாசலைத் திறந்துவிடும் கிழவர் லெக்பா. இரும்புக்கும் போருக்கும் உரியவர் ஓகூ. பாம்பு வடிவான தம்பாலா. பிள்ளைகளைக் காக்கும் தாய் எசிலி தாந்தோர். பூசை தொடங்குமுன் சோள மாவை விரலிடுக்கில் ஒழுகவிட்டுத் தரையில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய கோலத்தை வரைவார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்தால் கை பரபரக்கும். பிறகு முரசு முழங்கும், ஆட்டம் தொடங்கும், சாமி வந்து ஆடும்.

எசமானர்கள் கத்தோலிக்கப் படங்களைக் கொடுத்தார்கள். அடிமைகள் அவற்றை வாங்கிக்கொண்டார்கள். பாம்புகளோடு நிற்கும் புனித பேட்ரிக் படத்தின் முன்னே விளக்கேற்றினார்கள். மனத்துக்குள் கும்பிட்டது தம்பாலாவை. அடிமை மகிழ்ந்து ஞானஸ்நானம் பெற்றான் என்று எசமானன் நினைத்துக்கொண்டான்.

இறந்தவர்களைப் பற்றிய அவர்கள் நம்பிக்கை ஒன்று உண்டு. அதை அறியாமல் மற்றது எதுவும் விளங்காது. இறந்தவரின் ஆவி நீருக்கு அடியில் போய் ஓராண்டும் ஒரு நாளும் தங்கியிருக்கும். அங்கேதான் கினென் இருக்கிறது. கினென் என்றால் ஆப்பிரிக்கத் தாய்நாடு. கெடு முடிந்ததும் குடும்பத்தார் சடங்கு செய்து, அந்த ஆவியை நீரிலிருந்து மேலே அழைத்து, ஒரு மண் கலயத்தில் இருத்துவார்கள். அதன் பின் குடும்பத்துக்கு ஒரு துன்பம் வந்தால் அந்தப் பாட்டனிடமோ பாட்டியிடமோ யோசனை கேட்கலாம். சடங்கைச் செய்யாமல் விட்டவர்களுக்கு அந்தத் துணை இல்லை. அவர்களின் முன்னோர் இன்னும் நீருக்கடியில் காத்திருக்கிறார்கள். இந்த நம்பிக்கையின்படி முன்னோரை மேலே கொண்டுவருவது உயிரோடு இருப்பவர்களின் வேலை. அது தானாக நடந்துவிடாது.

இனிப் போராட்டத்துக்கு வருவோம். விடுதலைப் போர் நீண்டது. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மக்காந்தால் என்பவர் மலையிலிருந்து தோட்டங்களுக்குள் ஆள் சேர்த்தார். 1758இல் அவரைப் பிடித்துப் பொதுமக்கள் முன்னிலையில் எரித்தார்கள். அவர் தீயிலிருந்து பறந்துவிட்டார் என்று அடிமைகள் உறுதியாக நம்பினார்கள். 1791 ஆகஸ்ட் மாதம், வடபகுதியில் போவா கைமான் என்ற காட்டில் ஓர் இரவுக் கூட்டம் நடந்தது. தலைமை தாங்கியவர் பூக்மான். அங்கு பூசை செய்த பெண் செசில் ஃபாத்திமான் என்று மக்கள் மரபு சொல்கிறது. அங்கே பலி கொடுத்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். ஆகஸ்ட் 22 இரவு தோட்டங்கள் பற்றி எரியத் தொடங்கின. சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சாம்பலாயின. பூக்மான் அவ்வாண்டு நவம்பரிலேயே கொல்லப்பட்டார். நெருப்பு அணையவில்லை. தூசேன் லூவர்த்தூர் என்ற முன்னாள் அடிமை பெரும் படையைத் திரட்டினார். நெப்போலியன் அனுப்பிய சேனை 1802இல் அவரைப் பிடித்துக் கொண்டுபோயிற்று. 1803 ஏப்ரலில் பிரான்சின் குளிர்மலைச் சிறையில் அவர் இறந்தார். அவருக்குப் பின் தெசலீன் தலைமையில் போர் தொடர்ந்தது. 1803 நவம்பர் 18இல் வெர்த்தியேர் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 சனவரி 1இல் புதிய நாடு பிறந்தது. அந்தத் தீவின் பழங்குடியான தைனோ மக்களின் சொல்லை எடுத்து, மலைநாடு என்னும் பொருளில், ஹைத்தி என்று பெயர் வைத்தார்கள். அடிமைகளே எழுந்து நின்று ஒரு நாட்டை உண்டாக்கியது உலக வரலாற்றில் அந்த ஒரு முறைதான்.

உலகம் அவர்களை மன்னிக்கவில்லை. 1825இல் பிரான்ஸ் போர்க் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, எசமானர்கள் இழந்த சொத்துக்காக 15 கோடி பிராங்க் நட்டஈடு கேட்டது. இழந்த சொத்து என்பதில் அந்த மக்களும் அடக்கம். தங்கள் உடம்புக்குத் தாங்களே விலை கொடுத்தார்கள். தொகை பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதற்காக வாங்கிய கடன்கள் 1947இல்தான் தீர்ந்தன. ஹைத்தி ஏன் ஏழை நாடு என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஆனால் வெளியார் செய்த கேட்டைவிட எனக்கு வேறொன்றுதான் பெரிதாகப் படுகிறது. சுதந்திரம் பெற்ற பிறகு, படித்தவர்களும் பணக்காரர்களும் அந்த முரசை வெறுத்தார்கள். 1835ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் வோடூ தண்டனைக்குரிய செயலாயிற்று. போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர், அடிமைகளின் பேரப் பிள்ளைகள். ஐரோப்பியர் தங்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு மட்டும்தான். வீட்டு மொழியான க்ரெயோலில் வாய் திறந்த பிள்ளைக்கு அடி. நாட்டை விடுவித்த பேச்சும் பாட்டும் பூசையும் மலைக் கிராமத்து ஏழைகளிடம் ஒதுங்கின. எழுத்தறியாத அந்த ஏழைகள்தாம் அவற்றை நூறாண்டுக்கு மேல் காப்பாற்றி வைத்தார்கள்.

இங்கே நம்மவர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியையும் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப் ஆகியவற்றில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆளில்லை. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பலர் தமிழர். அவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோருக்கு இன்று தமிழ் தெரியாது. ஆனாலும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் பெயர் திரிந்த நிலையில் கும்பிடுகிறார்கள். பூசையில் அடிக்கும் பறையை இன்னும் தப்பு என்றே சொல்கிறார்கள். மொழி போன பிறகும் முரசு நின்றதற்கு அது ஒரு சாட்சி.

1915இல் அமெரிக்கப் படை ஹைத்திக்குள் புகுந்தது. 19 ஆண்டுகள் போகவில்லை. விவசாயிகளைக் கயிறு கட்டி இழுத்துக் கூலியில்லாமல் சாலை போட வைத்தார்கள். அடிமைக்காலம் திரும்பிவிட்டது என்று மக்கள் கொதித்தார்கள். ஷார்லமேன் பெரால்ட் என்பவர் மலைகளில் ஒரு படையைத் திரட்டிப் போராடினார். 1919இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொன்றதோடு விடவில்லை. உடலை ஒரு கதவில் கட்டி நிமிர்த்திவைத்துப் படம் பிடித்து, படிகள் எடுத்து நாடெங்கும் பரப்பினார்கள். பார்த்தவர்கள் அஞ்சி அடங்க வேண்டும் என்பது எண்ணம்.

மக்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அரையில் ஒரு துணி, விரிந்த தோள்கள், சாய்ந்த தலை, பின்னே ஒரு கொடி. சிலுவையில் அறையப்பட்ட இயேசுநாதரே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார். அச்சுறுத்த எடுத்த படம் கும்பிடும் படமாயிற்று. ஃபிலோமே ஓபேன் என்ற ஓவியர் பிற்காலத்தில் அதையே பெரும் ஓவியமாகத் தீட்டினார். பகைவன் கையிலிருந்து வந்த ஒன்றையே தங்கள் முன்னோரின் உருவமாக்கிக்கொண்டார்கள் பாருங்கள். புனித பேட்ரிக் படத்துக்கு முன்னே விளக்கேற்றிய அதே பழக்கம்தான்.

அந்த ஆக்கிரமிப்பின்போதுதான் படித்தவர்களுக்கு உறைத்தது. எவ்வளவு நன்றாகப் பிரெஞ்சு பேசினாலும், பாரிஸ் சட்டை போட்டாலும், அமெரிக்கச் சிப்பாய் அவர்களை மலைக் கிராமத்தானைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். அப்போது ஜான் பிரைஸ்-மார்ஸ் என்ற மருத்துவர் பேசத் தொடங்கினார். அவர் சொற்பொழிவுகள் 1928இல் ஒரு நூலாக வந்தன. மாமா இப்படிச் சொன்னார் என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கிராமத்தில் கதை சொல்லும் கிழவரைத்தான் மாமா என்கிறார்.

அந்தக் கதை சொல்லும் முறையே ஓர் அழகு. இருட்டிய பிறகு கிழவர் உட்கார்ந்து "கிரிக்?" என்பார். சுற்றியிருப்போர் "கிராக்!" என்று குரல் கொடுத்தால்தான் கதை நகரும். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது பிள்ளைகள் உம் கொட்ட வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். கேட்பவர் குரல் நின்றால் கதை நின்றுவிடும்.

பிரைஸ்-மார்ஸ் என்ன சொன்னார்? நம் படித்த கூட்டம் தன்னைக் கறுப்புத் தோல் போர்த்திய பிரெஞ்சுக்காரன் என்று கற்பனை செய்துகொண்டு வாழ்கிறது. இந்தப் பொய் நம்மை மலடாக்கிவிட்டது. இரவல் வாங்கிப் பாட்டெழுதுகிறோம், இரவல் வாங்கிப் படம் வரைகிறோம். உயிருள்ள கலை வேண்டுமானால் கிராமத்துக் கதைக்கும் பழமொழிக்கும் முரசுக்கும் போங்கள். வோடூ பிசாசுத் தொழில் அன்று, அது ஒரு சமயம். இதுதான் அவர் பேச்சின் சாரம். இன்றைக்கு எளிதாகத் தோன்றலாம். அன்று அது பெரிய துணிச்சல்.

பலன் உடனே வந்துவிடவில்லை. 1941-42இல் கத்தோலிக்கத் திருச்சபை, அரசின் ஆதரவோடு, மூடநம்பிக்கை ஒழிப்பு என்று ஓர் இயக்கம் நடத்தியது. முரசுகளைக் குவித்து எரித்தார்கள். தெய்வம் உறையும் மரங்களை வெட்டினார்கள். கிராமத்தார் எஞ்சிய முரசுகளை ஒளித்து வைத்தார்கள்.

இரண்டே ஆண்டு கழித்து, 1944இல், போர்ட்டோ பிரின்சில் கலை மையம் ஒன்று திறக்கப்பட்டது. ஆங்கிலம் கற்பிக்க வந்த டிவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து அதைத் தொடங்கினார். மோன்ட்ருயி என்ற ஊரில் ஒரு மதுக்கடையின் கதவில் பூவும் பறவையுமாக வரையப்பட்டிருந்த படம் கவனத்துக்கு வந்தது. வரைந்தவர் எக்தோர் இப்போலித், வோடூ பூசாரி. வீட்டுக் கதவுகளுக்குச் சாயம் அடித்துப் பிழைத்தவர். தூரிகை வாங்கக் காசில்லாமல் கோழி இறகால் தீட்டியவர். கலை மையத்தில் சேர்ந்து, 1948இல் இறக்கும் வரையிலான சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஓவியங்களை வரைந்து தள்ளினார். எசிலியும் ஓகூவும் அவற்றில் வந்தார்கள். 1945 இறுதியில் ஹைத்திக்கு வந்த ஆந்திரே பிரெத்தோன் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுக் கவிஞர் அவர் படங்களைக் காசு கொடுத்து வாங்கிப் போனார். பிரான்சைப் பார்த்து வரைந்தவர்களை விட்டுவிட்டு, முன்னோரைப் பார்த்து வரைந்தவரிடம் பிரான்ஸ் வந்து நின்றது. இதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்!

என் மனத்துக்கு நெருக்கமானவர் இன்னொருவர். ஜார்ஜ் லியோத்தோ. குருவா தே பூக்கே என்ற ஊரின் கொல்லர். 1899இல் பிறந்தவர். கருவிகள் செய்வார், பழுது பார்ப்பார், இடுகாட்டுக்கு இரும்புச் சிலுவைகள் அடித்துக் கொடுப்பார். அந்தச் சிலுவைகளில் வளைவும் சுருளுமாக, வோடூ பூசையில் மாவால் போடும் கோலங்கள் ஒளிந்திருந்தன. 1953இல் கலை மையத்தார் அவற்றைக் கண்டு அவரைத் தேடி வந்தார்கள். அதன் பிறகு அவர் தகட்டில் உருவங்களை வெட்டினார். கடற்கன்னி, முச்சந்தித் தெய்வம், கொம்புடைய காளை.

அந்தத் தகடு எங்கிருந்து வந்தது தெரியுமா? எண்ணெய் அடைத்து வரும் பெரிய டிரம்மிலிருந்து. நம் வீட்டுப் பின்புறத்தில் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்திருப்போமே, அதேதான். மேல் மூடியையும் அடி மூடியையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். உள்ளே காய்ந்த வாழைச் சருகைத் திணித்துக் கொளுத்துவார்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயும் சாயமும் எரிந்து போகும். பக்கத்தைப் பிளந்து விரித்து, மேலே ஏறி மிதித்தும் சம்மட்டியால் அடித்தும் சமமான தகடாக்குவார்கள். சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து, உளியையும் சுத்தியலையும் கொண்டு வெட்டுவார்கள். அவ்வளவுதான், உலையே தேவையில்லை. ஓகூ இரும்புக்கு உரிய தெய்வம் என்று முன்பே சொன்னேன். குப்பையில் கிடந்த இரும்பில் ஓகூவின் பிள்ளைகள் முன்னோரை வெட்டி எடுத்தார்கள். லியோத்தோவிடமிருந்து கற்றுக்கொண்டும் அவரைப் பார்த்தும் முரா பிரியேர், செர்ஜ் ஜோலிமோ போன்றோர் வந்தார்கள். அந்த ஊரின் நோவாய் பகுதியில் வீட்டுக்கு வீடு பட்டறை என்று சொல்லும்படி அது ஒரு பிழைப்பாகவும் வளர்ந்தது.

எழுத்திலும் இதே திருப்பம் வந்தது. ஜாக் ரூமேன் என்ற எழுத்தாளர் 1944இல் காலமானார். அவ்வாண்டே வெளியான அவருடைய கடைசி நாவலில், கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் 15 ஆண்டு உழைத்த மனுவேல் என்பவன் ஊர் திரும்புகிறான். மழையில்லை, ஊர் இரண்டாகப் பிளந்து பகையில் கிடக்கிறது. அவன் மலையில் நீரூற்றைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் தனி ஆளால் வாய்க்கால் வெட்ட முடியாதே! ஊரே சேர்ந்தால்தான் முடியும். ஹைத்திக் கிராமங்களில் கொன்பித் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நிலத்தில் ஊரார் எல்லாரும் இறங்குவார்கள். முரசு அடிப்பவர் ஓரத்தில் நிற்பார். பாட்டின் தாளத்துக்கு மண்வெட்டிகள் ஒன்றாக உயரும், ஒன்றாக இறங்கும். மாலையில் எல்லாருக்கும் சாப்பாடு. அடுத்த முறை வேறொருவர் நிலம். கூட்டம் கூடாதே என்று சட்டம் போட்ட மன்னருக்கு இது பிடித்திருக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கசப்பான செய்தியை விட்டுவிட்டால் நேர்மையாகாது. முன்னோர் பெயரை நல்லவர்கள் மட்டுமே எடுப்பதில்லை. பிரைஸ்-மார்சின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட இளைஞர்களில் பிரான்சுவா துவாலியே என்ற மருத்துவரும் ஒருவர். வோடூவைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1957இல் அதிபரானார். அதே அறிவைக் கொண்டு மக்களை அடக்கினார். கறுப்பு உடையும் தொப்பியுமாக, இடுகாட்டுத் தெய்வத்தின் சாயலில் தோன்றினார். அவருடைய அடியாட்படைக்கு மக்கள் வைத்த பெயர் தொந்தோன் மக்கூத். சாக்குப்பை மாமா என்று பொருள். முரண்டு பிடிக்கும் பிள்ளைகளைப் பையில் போட்டுக்கொண்டு போவதாகக் கதையில் வருபவர். கதை சொன்ன மாமாவை மக்கள் அறிந்திருந்தார்கள். இந்த மாமாவையும் அறிந்துகொண்டார்கள். தொடக்கத்தில் சொன்னேனே, சங்கு ஊதும் சிலை, அது நின்றதும் இவர் ஆட்சியில்தான். விடுதலைச் சிலையை நிறுத்திவிட்டு மக்களைச் சிறையில் அடைத்தார்கள். ஆயினும் சிலை மக்களுடையதாயிற்று, அவருடையதாகவில்லை. 1986 பிப்ரவரியில் அவர் மகன் நாட்டை விட்டு ஓடினான்.

அந்தக் காலத்தில் இளைஞர்கள் முரசைத் தேடிக் கிராமங்களுக்குப் போனார்கள். கொனாயீவ் நகருக்கு அருகே சுவெனான்ஸ், சுக்ரி, பஜோ என்று மூன்று பழம்பெரும் வழிபாட்டு முற்றங்கள் உள்ளன. டஹோமி வழியார் மரபு ஒன்றில், கொங்கோ வழியார் மரபு ஒன்றில், யொரூபா வழியார் மரபு ஒன்றில் என்று தனித்தனியே காக்கப்படுகின்றன. அத்தகைய இடங்களின் தாளங்களை எடுத்து மின்கிட்டாரோடு சேர்த்தார்கள். அந்த இசைக்கு ராசின் என்று பெயர், வேர் என்று பொருள். 1978இல் தொடங்கிய ஒரு குழு, 1791இன் பூக்மான் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. பூக்மான் எக்ஸ்பெரியன்ஸ். 1990இல் கார்னிவல் விழாவுக்கு அவர்கள் கொடுத்த பாட்டு, நாட்டை ஆண்ட இராணுவத்துக்கு எதிரான குரலாக வீதியெங்கும் முழங்கியது.

ஆசிரியர் என்ற முறையில் மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 1979இல்தான் க்ரெயோல் மொழியில் பாடம் நடத்தச் சட்டம் இடம் கொடுத்தது. 1987 அரசமைப்புச் சட்டம் அதைப் பிரெஞ்சோடு சேர்த்து ஆட்சிமொழியாக்கியது. 2003இல் வோடூவும் அரசால் ஒரு சமயமாக ஏற்கப்பட்டது. விடுதலை கிடைத்து இரு நூற்றாண்டு ஆகும் தறுவாயில்! சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. பிள்ளை பிரெஞ்சு பேசினால்தான் முன்னேறுவான் என்று நினைக்கும் பெற்றோர் பலர் உண்டு. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வேலை தருபவன் எந்த மொழியில் பேசுகிறானோ அந்த மொழியைத்தானே ஏழை நாடுவான். ஆனால் வீட்டு மொழியில் எழுத்தைக் கற்ற பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாக வருகிறது என்பதை வகுப்பறையில் நிற்பவர் எவரும் சொல்வார்.

2010 சனவரி 12இல் பெரும் நிலநடுக்கம். தலைநகரம் இடிந்தது. 1950-51இல் கலை மைய ஓவியர்கள் ஒரு தேவாலயத்தின் சுவர்களில் தீட்டிய புகழ்பெற்ற சித்திரங்களும் நொறுங்கின. பைபிள் கதையை ஹைத்திக் கிராமத்தில் நடப்பதுபோல வரைந்திருந்தார்கள். மூன்று சித்திரங்கள் மட்டும் தப்பின. அவற்றைத் துண்டு துண்டாகப் பெயர்த்துப் பாதுகாத்தார்கள். சிற்பிகள் சிலர் இடிபாட்டுக் கம்பியையும் தகட்டையும் பொறுக்கி மறுபடி சுத்தியலை எடுத்தார்கள். அண்மை ஆண்டுகளில் ஆயுதக் கும்பல்களின் கொடுமையால் பல இலட்சம் பேர் வீடிழந்து அலைகிறார்கள். கொல்லர்கள் வாழும் குருவா தே பூக்கேயும் தப்பவில்லை. அந்தத் துன்பம் இன்னும் தீரவில்லை.

ஆனாலும் சனவரி முதல் நாளன்று, நாட்டிலிருந்தாலும் மயாமி, மொன்ட்ரியல் போன்ற ஊர்களுக்குப் பிழைக்கப் போயிருந்தாலும், ஹைத்திக் குடும்பங்களில் ஒரே சமையல்தான். பரங்கிக்காய் சூப். ஜூமூ சூப் என்பார்கள். அடிமைக்காலத்தில் அதைச் சமைத்தவர்கள் அடிமைகள், குடித்தவர்கள் எசமானர்கள், அடிமை வாயில் வைக்கக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். சுதந்திர நாளில் அதையே எல்லாரும் குடித்தார்களாம். 2021 டிசம்பரில் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் அதை மானுட மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. முதல் நாள் இரவே மாட்டிறைச்சியை மசாலையில் ஊற வைப்பார்கள். பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, இறைச்சி வெந்த நீரில் கலந்து, முட்டைக்கோசு, கேரட், உருளைக்கிழங்கு, ஒரு மிளகாய் போட்டுக் கொதிக்க விடுவார்கள். மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட வேண்டும், மணம் மட்டும் இறங்கினால் போதும். காலையில் பிள்ளைகள்தான் முதலில் கிண்ணத்தை நீட்டுவார்கள். பெரிய பானையாகத்தான் வைப்பார்கள். அண்டை வீடுகளுக்கும் அனுப்ப வேண்டுமே.